வாயால் சொல்கிறான், எழுத்தில் வரவில்லை: டிஸ்லெக்சியா குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் வகுப்பாசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. ஆட்டிசம், கவனச்சிதறல் ஆகியவற்றை வேண்டிய இடத்தில் மட்டும் தொட்டிருக்கிறோம். பெரும்பகுதி எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளைப் பற்றியது. ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட அறிவுரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன, தமிழ் எழுத்தில் பிள்ளை எங்கே இடறுகிறது என்று சொல்பவை குறைவு. அதனால் அந்தப் பகுதி நீளமாக இருக்கும்.

கதை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்கிறான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் திணறுகிறான். சோம்பேறித்தனம்தானே?

இல்லை. சோம்பேறிப் பிள்ளை எல்லா வேலையிலும் சோம்பும். எழுத்து வரும் இடத்தில் மட்டும் தடுக்கி, மற்ற இடங்களில் சரளமாக இருக்கும் பிள்ளைக்குச் சிக்கல் எழுத்தில்தான். பேச்சில் உள்ள ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் எழுத்து வடிவத்தோடு சட்டென்று கோக்கும் வேலை அந்த மூளையில் தாமதமாக நடக்கிறது. இதைத்தான் டிஸ்லெக்சியா என்கிறோம். இது பிறவி அமைப்பு. பல வீடுகளில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ சிறுவயதில் இதே தொல்லை இருந்திருக்கும். அவர்களுக்கு 'படிப்பு ஏறவில்லை' என்று சொல்லி முடித்திருப்பார்கள்.

எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவதுதான் டிஸ்லெக்சியா என்று பலர் நினைக்கிறார்கள். ஆறு வயது வரை எந்தப் பிள்ளையும் அப்படி எழுதலாம். அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

பள்ளியில் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. இந்தக் குழப்பத்தால்தான் பல பிள்ளைகள் ஐந்தாறு வருடத்தைத் தொலைக்கிறார்கள். மெல்லக் கற்கும் பிள்ளைக்குக் கேட்டுப் புரிந்துகொள்வது, கணக்கு, பேச்சு என எல்லாமே சற்று மெதுவாக இருக்கும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை படித்துக்காட்டினால் புரிந்துகொள்ளும், தானே படித்தால் புரியாது. முதல் பிள்ளைக்குப் பாடத்தை எளிதாக்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குப் பாடம் அதேதான், அதை எட்டும் வழி மட்டும் மாற வேண்டும். இரண்டு பேரையும் ஒரே சிறப்பு வகுப்பில் உட்கார வைத்து ஒரே தாளைக் கொடுத்தால் இரண்டாவது பிள்ளைக்குச் சலிப்புதான் மிஞ்சும்.

2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தும், மொழியில் மட்டும் ஒரு பிள்ளை வருடம் முழுவதும் அரும்பிலேயே நின்றால், வகுப்பாசிரியர் அடுத்து சொல்லும் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

வீட்டிலோ வகுப்பிலோ எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு ஒலி வித்தியாசம் பிடிபடாது. தூரப் பார்வை மங்கிய பிள்ளை கரும்பலகையைத் தப்பாகத்தான் எழுதும். நீண்ட நாள் பள்ளிக்குப் போகாததும், நடுவில் பயிற்று மொழி மாறியதும் இதே மாதிரித் தோற்றம் தரும். இவை இல்லை என்றான பிறகு, காலையில், பிள்ளை களைக்காத நேரத்தில் ஓர் இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

1. அகர வரிசையில் இல்லாமல் கலந்து இருபது எழுத்துகளைக் காட்டுங்கள். அதில் பாதியாவது கொம்பு, கால் சேர்ந்தவையாக இருக்கட்டும்.
2. தெரிந்த சொற்கள் பத்து: மரம், பூனை, கொடி, தேங்காய் போல.
3. பொருளில்லாத சொற்கள் பத்து: மெடு, பிகோ, தாநு, சொபி போல. இதுதான் முக்கியம். தெரிந்த சொல்லைப் பிள்ளை அதன் தோற்றத்தைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடும். பொருளில்லாத சொல்லை எழுத்தைக் கூட்டித்தான் படிக்க முடியும்.
4. இரண்டு வகுப்பு கீழே உள்ள, இதுவரை பார்க்காத ஒரு பத்தியை ஒரு நிமிடம் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை சொல், எத்தனை பிழை என்று குறியுங்கள்.
5. அதே அளவு வேறொரு பத்தியை நீங்கள் படித்துக்காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்.
6. பத்துச் சொற்கள் சொல்வதெழுதுதல்.

அதே வகுப்பில் சராசரியாகப் படிக்கும் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் இதே தாளைக் கொடுத்து ஒப்பிடுங்கள். ஐந்தாவதில் நன்றாகச் செய்து, மூன்றிலும் நான்கிலும் ஆறிலும் மிகவும் பின்தங்கினால் நிபுணரிடம் போக வேண்டும். இது நோயறிதல் அல்ல, எந்தக் கதவைத் தட்டுவது என்று காட்டும் கைகாட்டி.

சொந்தப் பாடப்புத்தகத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். படத்தைப் பார்த்தே பக்கம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கடைசி வரியிலிருந்து படிக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்து ஒலிப்படியே எழுதப்படுவதுதானே? அதிலுமா சிக்கல் வரும்?

வரும், ஆனால் வேறு விதமாக. ஆங்கிலத்தில் பிழை மலிந்திருக்கும். தமிழில் நாள்பட்ட பயிற்சிக்குப் பிறகு பிழை குறைந்துவிடும், வேகம்தான் ஏறாது. நான்காம் வகுப்பிலும் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும். 'தப்பில்லாமல்தான் படிக்கிறாள்' என்று ஆசிரியர் விட்டுவிடுவது இதனால்தான்.

தமிழுக்கே உரிய இடறல்கள் சில உண்டு. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு மூன்றும் மெய்க்கு முன்னால் நிற்கின்றன, ஒலி மட்டும் மெய்க்குப் பின்னால் வருகிறது. கண் முதலில் பார்ப்பதை வாய் இரண்டாவதாகச் சொல்ல வேண்டும். ஒகர ஓகார வரிசையில் குறி இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும். காலுக்கும் 'ர'வுக்கும் உருவம் நெருக்கம். எனவே 'தொடு' என்பதை 'தெரடு' என்று படிக்கும் பிள்ளை விளையாட்டுக்குச் செய்யவில்லை. கண்ணில் பட்டதை வரிசையாகச் சொல்கிறது, அவ்வளவுதான். ஔகாரத்தில் வரும் குறி 'ள' போலவே இருப்பதும் இப்படித்தான்.

உகர வரிசைக்கு ஒரே குறி கிடையாது. சு, பு, யு, வு ஆகியவை நேராகக் கீழே இறங்கும். து, நு, ணு, லு, று, னு சுழித்து மேலே ஏறும். கு, டு, மு, ரு, ழு, ளு வளைந்து சுற்றும். பதினெட்டையும் ஒரே மூச்சில் பாட்டாக ஒப்பிக்க வைப்பதைவிட, இந்த மூன்று குடும்பமாகப் பிரித்து வாரம் ஒன்றாகக் கொடுப்பது மேல்.

அடுத்தது நீளமான சொற்கள். 'படித்துக்கொண்டிருந்தான்' பெரியவர் கண்ணுக்கு ஒரு சொல். இந்தப் பிள்ளைக்கு அது ஒரு மதில். பென்சிலால் படித்து, கொண்டு, இருந்தான் என்று கோடு போட்டுப் பிரித்துக் காட்டுங்கள். 'வந்தது' என்று இருப்பதை 'வந்துச்சு' என்று படித்தால் மகிழுங்கள். பொருள் பிடிபட்டிருக்கிறது, பேச்சுமொழி முந்திக்கொண்டது.

ல, ள, ழ குழப்பத்தை மட்டும் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பிழை ஊர்ப் பெயர்ப்பலகைகளிலேயே தாராளமாக இருக்கிறது.

சரி, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்காம் என்ற ஆசிரியரும் வகுத்த முறையின் அடிப்படை இன்றும் இந்தத் துறையில் புழங்குகிறது. கண், காது, வாய், கை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஈடுபடுத்துவது. சிறிய படியாக, வரிசை மாறாமல், முந்தியது உறுதியான பிறகே அடுத்ததற்குப் போவது. தமிழுக்கு அதை இப்படிச் செய்யலாம்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பதில் பலன் இல்லை. முதல் நான்கு நிமிடம் பழைய எழுத்து அட்டைகள். அடுத்த ஐந்து நிமிடம் ஒரு புதிய எழுத்து: விளிம்புள்ள தட்டில் அரை விரல் கனத்துக்கு ரவையோ கோலமாவோ பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். சொல்லாமல் எழுதினால் அது வெறும் கோலம். பிறகு ஆறு நிமிடம் அந்த எழுத்து வரும் சொற்களைச் சொல்வதெழுதுதல், கடைசி ஐந்து நிமிடம் வாசிப்பு. கடிகாரம் இருபதைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள், 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' வேண்டாம்.

அகர வரிசையில் தொடங்காதீர்கள். ட, ப, ம மூன்றும் எளிய வடிவம் கொண்ட எழுத்துகள். புள்ளியையும் சேர்த்துக் கொடுத்தால் படம், மடம், பட்டம், மட்டம், பப்படம் என்று முதல் வாரமே ஐந்து சொல் படித்துவிடலாம். படிக்கத் தெரியாது என்று முத்திரை வாங்கிய பிள்ளைக்கு 'பப்படம்' படிப்பது சின்ன விஷயமில்லை.

ஒன்றுபோல் ஒலிப்பவற்றையும் ஒன்றுபோல் தெரிபவற்றையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. 'ன' நன்றாக நின்ற பிறகு இரண்டு மூன்று வாரம் கழித்து 'ண'. வித்தியாசம் காட்டுகிறேன் என்று ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் பலகையில் எழுதினால், மூன்றும் ஒரே முடிச்சாக விழுந்துவிடும்.

கொம்புக்குத் தனி வழி. க, ப, ம போன்ற எழுத்துகளை அட்டையிலும், கொம்பையும் காலையும் வேறு நிறத்தில் சிறு துண்டுகளிலும் எழுதுங்கள். 'க' அட்டையை முதலில் வைத்து ஒலி சொல்ல வேண்டும், பிறகு கொம்புத் துண்டை இடப்பக்கம் வைத்து 'கெ', காலை வலப்பக்கம் வைத்து 'கொ'. படிக்கும்போது பிள்ளைக்குத் தரும் கட்டளை இது: கொம்பைப் பார்த்தால் நில், அடுத்த எழுத்தைப் பிடி, திரும்பி வந்து சேர்.

தப்பான சொல்லை நூறு தடவை எழுதச் சொன்னால் மனதில் நிற்காதா?

இம்போசிஷன் நோட்டைத் திறந்து பாருங்கள். பிள்ளை முதலில் மேலிருந்து கீழாக வரிசையாகக் கொம்பு மட்டும் போட்டிருக்கும், அடுத்த பத்தியில் மெய், அதற்கடுத்து கால். சொல்லை ஒருமுறைகூடப் படித்திருக்காது. பலகையிலிருந்து தப்பாக எடுத்திருந்தால் நூறு முறையும் அதே தப்பு. மூன்று முறை போதும்: பார்த்துச் சொல்லி எழுது, மூடிக்கொண்டு எழுது, திறந்து சரிபார். மறுநாளும் மூன்று நாள் கழித்தும் அதே சொல்லைக் கேளுங்கள்.

டியூஷனும் இதே கதைதான். பள்ளியில் பலிக்காத முறையை மாலையில் இன்னும் இரண்டு மணி நேரம் செய்வதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

என் வகுப்பில் நாற்பது பேர். ஒருவனுக்காக என்ன செய்ய முடியும்?

நேரம் பிடிக்காதவற்றிலிருந்து தொடங்குங்கள். முன் வரிசையிலோ இரண்டாவது வரிசையிலோ, கதவையும் சன்னலையும் விட்டுத் தள்ளி, அமைதியான பிள்ளை பக்கத்தில் இடம் கொடுங்கள். எழுந்து நின்று வாசிக்கச் சொல்வதானால் முந்திய நாளே எந்தப் பத்தி என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் நான்கு முறை படித்துக்கொண்டு வரட்டும். திடீரென்று எழுப்பாதீர்கள். அப்படி எழுப்பப்படும் வகுப்பைத் தவிர்க்கத்தான் திங்கட்கிழமை காலைகளில் வயிற்றுவலி வருகிறது.

கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மற்றவர்கள் ஒரு பார்வையில் ஒரு முழுச் சொல்லை எடுப்பார்கள், இந்தப் பிள்ளை ஓரிரு எழுத்து எடுக்கும். இருபது வரிக்கு எத்தனை முறை தலை நிமிர வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவில் இடம் தவறி வரி தாவும். முதல் ஐந்து வரியை மட்டும் எழுதச் சொல்லி, மீதியைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலிருந்து நகலெடுத்து ஒட்டச் சொல்லலாம்.

அறிவியலிலும் சமூக அறிவியலிலும் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். வகுப்புத் தேர்வில் இரண்டு கேள்விக்கு வாய்மொழி விடை வாங்குங்கள். கணக்கில் வாக்கியக் கணக்கு தவறினால் ஒருமுறை படித்துக்காட்டிவிட்டுப் பாருங்கள். விடை சரியாக வந்தால் கணக்கில் குறை இல்லை.

மற்ற பிள்ளைகள் 'அவனுக்கு மட்டும் ஏன்' என்று கேட்பார்கள். கண்ணாடி போட்டவரிடம் யாராவது அப்படிக் கேட்கிறார்களா என்று திருப்பிக் கேளுங்கள், அடங்கிவிடும்.

உட்கார்ந்த இடத்தில் இருப்பதில்லை. இது டிஸ்லெக்சியாவா, கவனச்சிதறலா?

இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பது உண்டு. பிரித்துப் பார்க்க ஒரு வழி: எழுத்தே இல்லாத வேலையில், அதாவது கதை கேட்கும்போதும், விளையாட்டில் தன் முறைக்குக் காத்திருக்கும்போதும் கவனம் எப்படி? அங்கேயும் சிதறினால் ஏடிஹெச்டி எனப்படும் கவனச்சிதறல் கோளாறு உண்டா என்று பார்க்க வேண்டும். படிக்கும்போது மட்டும் நெளிந்தால் அது தப்பிக்கும் முயற்சி. ஏடிஹெச்டிக்கு மருந்து உண்டு, குழந்தைகள் மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். டிஸ்லெக்சியாவுக்கு மருந்து இல்லை. நினைவாற்றல் டானிக், லேகியம், கண் பயிற்சி, வண்ணக் கண்ணாடி எதுவும் இதைத் தீர்க்காது. கண் பயிற்சிக்கும் வண்ணக் கண்ணாடிக்கும் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் அமைப்புகள் 2009இல் கூட்டாகவே அறிவித்தன.

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளிடம் நேரெதிர் நிலையைப் பார்க்கலாம். மூன்று நான்கு வயதிலேயே பெயர்ப்பலகை எல்லாம் சரளமாகப் படிக்கும், படித்ததன் பொருள் கேட்டால் வராது. அங்கே ரவைத் தட்டுக்கு வேலை இல்லை, பொருள் புரியவைப்பதில்தான் வேலை.

சான்றிதழ் எங்கே வாங்குவது? எந்த வயதில்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் (டிஸ்லெக்சியா இதில் அடங்கும்) ஆட்டிசமும் அதில் உண்டு. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் கற்றல் குறைபாடு இல்லை. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறை, எட்டு வயது நிறைந்த பிறகுதான் கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் என்றது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பிட வேண்டும் என்றும் சொன்னது. சான்றிதழ்தான் எட்டு வயதில், உதவிக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

முதலில் உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளையானால் தலைமையாசிரியரே சொல்லி அனுப்பலாம். அங்கிருந்து அரசு மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியின் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். நுண்ணறிவுச் சோதனையும், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் வகுத்த கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பும் செய்வார்கள். ஒரே நாளில் முடியாது என்று நினைத்துக்கொண்டே போங்கள். ஆதார், புகைப்படம், கடைசி இரண்டு வருட மதிப்பெண் பட்டியல், தமிழ், ஆங்கில நோட்டுகள் கையில் இருக்கட்டும். திருத்தி அழகாக்கிய நோட்டு வேண்டாம், பிழையோடு இருக்கும் நோட்டுதான் அவர்களுக்கு உதவும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் உதவுவார்கள். சென்னை வட்டாரத்தில் முட்டுக்காட்டில் உள்ள பன்முக ஊனமுற்றோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனமும், மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனும் பெற்றோருக்குப் பழக்கமான இடங்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் என்ன சலுகை?

மாநிலப் பாடத்திட்டத்தில் மூன்று முக்கியம்: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு. சிபிஎஸ்இயில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல். எதுவும் தானாக வராது. பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே மதிப்பீட்டை முடித்து, பத்தாம் வகுப்பு தொடங்கியதும் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அரையாண்டு முடிந்து சனவரியில் ஓடுபவர்களுக்குத்தான் சிக்கல்.

சொல்வதை எழுதுபவர் கிடைத்துவிட்டார் என்று நிம்மதியாகிவிட வேண்டாம். வாயால் விடை சொல்வது தனித் திறமை. பழகாத பிள்ளை பேசுவதுபோலவே சொல்லும், பத்தி எங்கே முடிகிறது என்று சொல்லாது, கணக்கில் படிகளை விட்டு விடையை மட்டும் சொல்லும். முழு வினாத்தாளுக்கு, பழக்கமில்லாத ஒருவரை எழுத வைத்து, பத்து முறையாவது ஒத்திகை பாருங்கள். வரைபடம், படம் வரைதல் எப்படி என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மொழி விலக்கு பற்றி எங்கள் கருத்து: மதிப்பெண்ணுக்காக விலக்கு வாங்குங்கள், வாசிப்பை விட்டுவிடாதீர்கள். பேருந்துப் பலகையையும் மருந்துச் சீட்டையும் தேர்வுத்துறை படித்துக் கொடுக்காது.

'எங்கள் பள்ளிக்கு இவன் சரிவரமாட்டான், டிசி வாங்கிக்கொள்ளுங்கள்' என்கிறார்கள்.

2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கும், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் பொருந்தும். பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், தனிப்பட்ட தேவைக்கேற்ற வசதி செய்ய வேண்டும் என்கிறது. அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. 'மக்கு' என்று வகுப்பில் அழைப்பதும் அதில் அடங்கும். வாய்ச்சண்டை போடாதீர்கள். சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள், பேச்சு அத்தோடு மாறும். மாறாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு.

பிள்ளையிடம் இதைச் சொல்லலாமா?

சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 'நான் முட்டாள்' என்று அதுவே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடும், எட்டு வயதுக்குள் கண்டுபிடித்தும் இருக்கும். 'உனக்கு எழுத்தைப் பிடிக்க நேரமாகும், காதால் கேட்டால் சீக்கிரம் பிடிக்கும், அதனால் வேறு வழியில் படிக்கிறோம்' என்ற அளவு போதும். அக்காவோடு ஒப்பிட வேண்டாம். விருந்துக்கு வந்த பெரியப்பா முன்னால் வாசித்துக்காட்டச் சொல்லவும் வேண்டாம்.

போனில் கேட்டுப் படித்தால் வாசிப்பே வராமல் போய்விடாதா?

இரண்டு வேலையையும் பிரித்துக்கொண்டால் போகாது. வாசிப்புப் பயிற்சி அந்த இருபது நிமிடம், அப்போது போன் கிடையாது. பாடம் படிப்பது வேறு வேலை. அதற்குப் போன் கேமராவில் பக்கத்தைப் பிடித்தால் எழுத்தைக் குரலாக்கும் வசதி தமிழுக்கும் இருக்கிறது. அந்தக் குரல் தட்டையாகத்தான் இருக்கும். அப்பாவோ அக்காவோ பாடத்தைப் படித்துப் பதிவு செய்து கொடுத்தால் இன்னும் நன்று. வரியின் மேல் விரல் ஓட்டிக்கொண்டே கேட்கச் சொல்லுங்கள். ஒரு பாடத்துக்குப் பத்து நிமிடப் பதிவு போதும், அதற்கு மேல் நீண்டால் இரண்டாக வெட்டுங்கள்.